படகு பெருசாச்சு, கடல் சிறுசாச்சு! காசிமேட்டில் கடலோடிகள் அரட்டை

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் படகு என்ஜின் ஒன்று களவு போய்விட்டதாக எனக்குத் தகவல் வந்தது. அடித்துப் பிடித்து பஸ் ஏறிப் போனேன். விசாரித்தால் திருட்டும் இல்லை, திருடனும் இல்லை! என்ஜினைத் தூக்கிக்கொண்டு போனவர் படகுக்காரரின் மைத்துனர். ரிப்பேருக்குக் கொண்டு போயிருக்கிறார். வீட்டில் சொல்லிவிட்டுப் போக மறந்துவிட்டார். அவ்வளவுதான். மைத்துனருக்குத் திட்டு கிடைத்தது. எனக்குச் செய்தி போயிற்று.

வெறுங்கையோடு ஆபீசுக்குத் திரும்பினால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். ஒரு டீ சாப்பிட்டுவிட்டு யோசிக்கலாம் என்று டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் வலை பின்னிக்கொண்டே நாலைந்து பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். காது கொடுத்துக் கேட்டேன். நேரம் போனதே தெரியவில்லை. அந்தப் பேச்சுதான் இந்தச் செய்தி.

தடைக்காலம்

மே மாதம். நேரம் மாலை 4 மணி. துறைமுகம் முழுக்க லாஞ்சுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நிற்கின்றன. ஒரு லாஞ்சில் இருந்து குதித்து இன்னொன்றில் ஏறி, கால் நனையாமல் எதிர்ப்பக்கம் போய்விடலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் முட்டையிட்டுப் பெருகட்டும் என்பதற்காக இந்தத் தடை. முன்பு 45 நாளாக இருந்தது. பிறகு 61 நாள் ஆயிற்று.

இந்த 61 நாளில் லாஞ்சுக்காரர்களுக்கு வேலை கரையில்தான். பெயிண்ட் அடிப்பது, பலகை மாற்றுவது, வலை சரி பார்ப்பது. மிச்ச நேரம் பேச்சு. நாம் பஸ் ஸ்டாண்டில் நின்று சினிமா பேசுகிறோம், கிரிக்கெட் பேசுகிறோம். இவர்கள் படகைப் பேசுகிறார்கள். "என் படகா, உன் படகா" என்று போட்டியே நடக்கிறது.

அன்றைக்கு அந்த இடத்தில் இருந்தவர்கள் 5 பேர். 75 வயதுப் பெரியவர் ஒருவர். கட்டுமரத்தில் போய்ப் பழகியவர். அடுத்தவர் பைபர் படகு வைத்திருப்பவர். "களவு போன" என்ஜினுக்குச் சொந்தக்காரர் இவர்தான்! மூன்றாவது ஆள் லாஞ்சு டிரைவர். நான்காமவர் எண்ணூர் முகத்துவாரத்தில் தொழில் செய்பவர். வலைக்கு மிதவை வாங்க வந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டார். ஐந்தாவதாக 21 வயதுப் பையன் ஒருவன். லாஞ்சு டிரைவரின் அக்காள் மகன். வாயைத் திறக்காமல் எல்லோர் பேச்சையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

பையன் பேசாததற்குக் காரணம் இருந்தது. பைபர்காரர் தன் பழைய படகை விற்கப் போகிறார். விலை என்ஜினோடு இரண்டரை லட்சம் ரூபாய். வாங்க நினைப்பவன் இந்தப் பையன். பணம்? அம்மாவின் நகை! மைத்துனர் என்ஜினைத் தூக்கிக்கொண்டு ஓடியதும் இதற்காகத்தான். பையன் வந்து பார்க்கும்போது என்ஜின் இருமக் கூடாது அல்லவா!

கட்டுமரம்

பெரியவர்தான் முதலில் ஆரம்பித்தார்.

"என் காலத்துல படகு வாங்கறதுன்னா மரம் வாங்கறதுதான் தம்பி. மலையாளத்துல இருந்து லாரியில வரும். லேசான மரம். ஆளு தோள்ல தூக்கிடலாம். அஞ்சு மரம், ஏழு மரம்னு சேர்த்து வெச்சு கயித்தால கட்டுவோம். ஒரு ஆணி கிடையாது. கரைக்கு வந்ததும் கயித்தை அவுத்து, மரத்தை ஒண்ணொண்ணா மேல ஏத்திக் காயப் போடுவோம். காயலைன்னா மரம் தண்ணி குடிச்சுக் கனத்துப்பூடும். மறுநாள் விடியக்காலையில திரும்பக் கட்டணும். தினம் ஒரு படகு செய்யற மாதிரிதான்."

"அது கடலில் மூழ்கிவிடாதா?" என்று கேட்டேன்.

பெரியவர் சிரித்துவிட்டார். "மூழ்கறதுக்கு அதுல உள்ளே இன்னா கீது? பள்ளம் இருந்தாத்தானே தண்ணி நிக்கும்? அலை மேல ஏறும், இடுக்கு வழியா கீழ இறங்கிப்பூடும். கவுந்தா புரட்டிப் போட்டு ஏறிக்க வேண்டியதுதான். பாய் கட்டினா காத்துல ஓடும். காத்து இல்லைன்னா துடுப்பு."

பெரியவர் சொன்னது வெறும் பெருமை இல்லை. இங்கிலீசில் "கேட்டமரான்" என்கிறார்களே, அது நம் கட்டுமரம்தான். உலகம் முழுக்கப் பந்தயப் படகுக்கும் சொகுசுப் படகுக்கும் அந்தப் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். சென்னைக்குத் துறைமுகமே இல்லாத காலத்தில் கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்களையும் மூட்டைகளையும் கரை சேர்த்தது மசூலா படகு. அதிலும் ஆணி கிடையாது. பலகைக்குப் பலகை கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை மோதினால் உடையாமல் வளைந்து கொடுக்கும். மசூலாவே போக முடியாத பேரலையில், கடுதாசியை எடுத்துக்கொண்டு கப்பலுக்குப் போனவர்கள் கட்டுமரக்காரர்கள்.

அடையாளம்

"மீன் இருக்கிற இடம் எப்படித் தெரியும்?" என்று அடுத்த கேள்வியைப் போட்டேன்.

"நீ உன் வூட்டுக்கு எப்படி வழி சொல்லுவே? பிள்ளையார் கோயில் தாண்டி சோடாக் கடை எதிரேன்னு சொல்லுவே இல்ல? அதே மாதிரிதான். கடல்ல நின்னு கரையைப் பார்ப்போம். கோயில் கோபுரம் ஒண்ணு, அதுக்குப் பின்னால உயரமா ஒரு கட்டடம். ரெண்டும் நேர் நேரா வந்தா அது ஒரு கோடு. வடக்கே பார்த்தா இன்னொரு ஜோடி, இன்னொரு கோடு. ரெண்டு கோடும் வெட்டிக்கிற இடத்துல கீழ பாறை. பாறையைச் சுத்தி மீன். ஈயக் குண்டு கட்டின கயித்தை விட்டு ஆழம் பார்ப்போம். பத்து பாகம், பன்னண்டு பாகம். அவ்வளவுதான். எங்க நைனா எனக்குக் காட்டினாரு, அவருக்கு அவங்க நைனா."

ஒரு பாகம் என்பது இரண்டு கையையும் விரித்தால் வரும் நீளம், சுமார் 6 அடி. பன்னிரண்டு பாகம் என்றால் 70 அடி ஆழம். அந்த ஆழம் கரை தெரியும் தூரத்திலேயே வந்துவிடும். அதாவது, வீட்டுக் கொல்லைப்புறத்திலேயே வவ்வால் மீனும் வஞ்சிரமும் கிடைத்த காலம் அது.

"இப்ப அந்த அடையாளம் எல்லாம் எங்கே? கோபுரத்தை மறைச்சு மாடி மாடியா கட்டிட்டான். இப்ப கடல்ல இருந்து பார்த்தா வடக்கே பளிச்சுனு தெரியறது அனல் மின் நிலையத்துப் புகைபோக்கிதான்" என்றார் பெரியவர்.

எண்ணூர்க்காரர் முகம் சுளித்தார். புகைபோக்கிப் பேச்சு அவருக்குப் பிடிக்கவில்லை.

பைபர்

பைபர்காரருக்குப் பொறுக்கவில்லை. படகை விற்க வந்தவர் அல்லவா!

"தாத்தா கட்டுமரத்தை விட்டு இறங்கவே மாட்டாரு. அதுல போய் வர்றதுக்குள்ள பாதி நாள் போயிடும். என் படகுல ஒரு மணி நேரம். போட்டோமா, வாங்கினோமா, மார்க்கெட்டுக்கு வந்தோமா. மழைக்கு மரம் மாதிரி ஊறாது, வெயிலுக்கு வெடிக்காது. கரையிலயே ஏத்திக்கலாம், துறைமுகம் தேவையில்லை" என்று அடுக்கினார்.

பைபர் படகு நம் கரைக்கு வந்த கதையைப் பெரியவர் சொன்னார். 2004-ம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. சுனாமி! கரையில் காயப் போட்டிருந்த மரங்களைத் தீக்குச்சி மாதிரி அள்ளி வீசியது. பெரியவரின் மரமும் போயிற்று. பிறகு நிவாரணம் என்று அரசாங்கமும் தொண்டு நிறுவனங்களும் கொடுத்த படகுகளில் பெரும்பாலானவை பைபர். அதற்கு முன்பே பைபர் இருந்தது. ஆனால் கட்டுமரத்தைக் கரையை விட்டே ஓரம் கட்டியது சுனாமிக்குப் பிறகுதான்.

பையன் அந்த வருஷம் பிறந்தவன். "இவன் அப்ப கைக்குழந்தை. இவன் அம்மா இவனை இடுப்புல வெச்சுக்கினு ஓடினா" என்றார் லாஞ்சு டிரைவர். பையன் தலையைக் குனிந்துகொண்டான்.

"பைபர் நல்ல படகுதான். இல்லைன்னு சொல்லல. ஆனா மரத்துக்கு நான் சோறு போட்டது இல்ல. உன் என்ஜினுக்குத் தினமும் சோறு போட்டுட்டுத்தான் நீ வூட்டுக்கு எடுத்துக்கினு போறே" என்றார் பெரியவர்.

பைபர்காரர் பதில் பேசவில்லை. அந்தக் கணக்கைப் பிறகு பார்ப்போம்.

லாஞ்சு

இப்போது லாஞ்சு டிரைவரின் முறை.

"ரெண்டு பேருமே கரையைச் சுத்தி வர்ற ஆளுங்க. நாங்க தங்கல் போறவங்க. ஐஸ் ஏத்தி, அரிசி, பருப்பு, தண்ணி ஏத்திப் போனா திரும்பி வர பத்து நாளும் ஆகும், அதுக்கு மேலயும் ஆகும். வடக்கே ஆந்திரா பக்கம் வரைக்கும் ஓடுவோம். ஜி.பி.எஸ். கீது, வயர்லெஸ் கீது, அடியில மீன் கூட்டம் தெரியற மிஷினும் கீது. தாத்தா மாதிரி கோபுரத்தைத் தேட வேண்டியதில்ல" என்றார்.

"அவ்ளோ தூரம் ஏன்டா போறே?" பெரியவர் மடக்கினார்.

டிரைவர் சற்று நேரம் வலையையே பார்த்தார். பிறகு சொன்னார்: "இங்கே இல்ல தாத்தா. அதான் போறோம்."

பெஞ்சில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

பிறகு டிரைவரே ஒப்புக்கொண்டார். "நாங்களும் ஒரு காரணம்தான். 1983-லயே சட்டம் போட்டாங்க. கரையோரக் கடல் சின்னப் படகுக்கு, விசைப்படகு தள்ளிப் போய்த்தான் தொழில் பண்ணணும்னு. எல்லாரும் கேட்டோமா? இழுவலையைப் போட்டு அடிமண்ணோட சேர்த்து வாரினோம். குஞ்சு குளுவான் எல்லாம் மடியில வந்துச்சு. அப்ப லாபமாத் தெரிஞ்சுது. இப்ப நெல்லூர் பக்கம் போனா, அங்கே இருக்கிற ஆளுங்க 'எங்க கரையில ஏன்டா வர்றே'ன்னு படகை மடக்கறான். அவனைச் சொல்லியும் குத்தமில்ல."

வண்ணி

அப்போது பையன் முதல் தடவையாக வாய் திறந்தான். "மாமா, அந்த என்ஜின் நின்ன கதையைச் சொல்லு."

டிரைவர் தயங்கினார். மற்றவர்கள் விடவில்லை. அவர் சொன்ன கதை இதுதான்:-

சில வருஷங்களுக்கு முன்பு, நவம்பர் மாதம். நெல்லூருக்கு நேரே கடலில் லாஞ்சு என்ஜின் நின்றுவிட்டது. என்ன செய்தும் ஓடவில்லை. மறுநாள் பாட்டரியும் இறங்கிவிட்டது. வயர்லெஸ் செத்தது. ஜி.பி.எஸ். செத்தது. கரை தெரியவில்லை. சுற்றிலும் தண்ணீர்! படகில் 8 பேர். சிலர் அழவே ஆரம்பித்துவிட்டார்கள்.

சமையலுக்கு வந்திருந்த ஆள் ஒருவர் இருந்தார். 60 வயதுக்கு மேல். இளவயதில் கட்டுமரத்தில் போனவர். அவர் அடுப்பை அணைத்துவிட்டு மேலே வந்தார். ஒரு கட்டையைக் கயிற்றில் கட்டித் தண்ணீரில் விட்டுப் பார்த்தார். "பயப்படாதீங்கடா, வண்ணி ஓடுது. நம்மை ஊர் பக்கம்தான் தள்ளிக்கினு போகுது" என்றார்.

வண்ணி என்றால் வடக்கில் இருந்து தெற்கே ஓடும் நீரோட்டம். தெற்கில் இருந்து வடக்கே ஓடினால் அது தெண்டி. நம் கடல் ஒரே பக்கமாக ஓடுவதில்லை. கோடையில் வடக்கே ஓடும். ஐப்பசி, கார்த்திகை வாடைக் காலத்தில் திரும்பித் தெற்கே ஓடும். பாடப் புத்தகத்தில் படித்தவர்களும் இதையேதான் சொல்கிறார்கள்.

சமையல்காரர் ஐஸ் பெட்டியை மூடியிருந்த தார்ப்பாயை எடுக்கச் சொன்னார். இரண்டு கம்பில் கட்டிப் பாய் ஆக்கினார். கரையில் மோதாமல் இருக்க, ஆழம் குறைந்தால் நங்கூரம் போட ஒரு ஆளை முன்னால் உட்கார வைத்தார். மூன்றாம் நாள் பழவேற்காட்டுக்கு நேரே வேறு ஒரு லாஞ்சு பார்த்துவிட்டது. கயிறு கட்டி இழுத்து வந்து சேர்த்தார்கள்.

"அன்னிக்கு வரைக்கும் அந்த ஆளை நான் ரசத்துல உப்பு அதிகம்னு திட்டிக்கினு இருந்தேன்" என்றார் டிரைவர். எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

மணல்

பேச்சு நீரோட்டத்தில் இருந்து கரைக்கு வந்தது. பெரியவர் தெற்குப் பக்கம் கையை நீட்டினார்.

"தெண்டி ஓடும்போது தண்ணி மட்டுமா ஓடுது? மணலும் ஓடுது. தெற்கே இருந்து மணலை வாரிக்கினு வந்து வடக்கே போடும். நடுவுல சுவர் வெச்சா? மணல் அங்கேயே நின்னுக்கும். வடக்கே இருக்கிற கரைக்கு மணல் வராது. ஆனா அலை வர்றது நிக்குமா? இருக்கிற மணலைக் கரைச்சுக்கினு போயிடும்."

இது சரித்திரம். 1870-களில் சென்னைத் துறைமுகச் சுவர் கட்ட ஆரம்பித்தார்கள். 1881 நவம்பரில் வந்த புயல் அதை உடைத்துப் போட்டது. மறுபடி கட்டினார்கள். சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்தது. சேர்ந்துகொண்டே போயிற்று. மாலையில் நாம் காற்று வாங்கிச் சுண்டல் சாப்பிடும் மெரினா அகன்று கிடப்பது அதனால்தான். ஒரு காலத்தில் கோட்டைச் சுவருக்குப் பக்கத்திலேயே கடல் இருந்தது!

சுவருக்கு வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர். இங்கே கடல் தெருவையே தின்றது. வீடுகள் போயின. கடைசியில் லாரி லாரியாகப் பாறாங்கல் கொட்டி நிறுத்தினார்கள். எண்ணூர் போகும் சாலையில் பஸ்சில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகப் பார்க்கும் கருங்கல் குவியல் அதுதான்.

"கல்லு ரோட்டைக் காப்பாத்தும். அதுல மரத்தை ஏத்த முடியுமா? பைபரைத்தான் ஏத்த முடியுமா? பெரிய வலை போட்டுக் கரையில நின்னு இழுக்க மணல் எங்கே?" என்று கேட்டார் பெரியவர்.

அங்கே சேர்ந்த மணலும் இங்கே போன மணலும் ஒரே கணக்கின் வரவும் செலவும்தான். வரவைப் பார்ப்பவர்கள் ஒரு பக்கம். செலவைச் சுமப்பவர்கள் ஒரு பக்கம்.

ஆறு

அதுவரை அதிகம் பேசாமல் இருந்த எண்ணூர்க்காரர் இப்போது பேசினார்.

"உங்களுக்காவது பெரிய படகு வாங்கிக்கினு தூரமாப் போக வழி கீது. என் தொழில் ஆத்துல. கொசஸ்தலை ஆறு கடல்ல சேர்ற இடம். கையை விட்டுத் தடவியே எறா புடிப்போம். ஆத்தை விட்டுட்டு நான் எங்கே ஓடறது?"

அவர் சொன்னதைக் கேட்டால் வயிறு எரிகிறது. அனல் மின் நிலையச் சாம்பல் ஆற்றில் படிந்து ஆழம் குறைந்தது. முட்டி அளவு தண்ணீரில் படகைத் தள்ளிக்கொண்டு போகிற இடங்கள் வந்தன. 2017 ஜனவரி 28-ந்தேதி எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே 2 கப்பல்கள் மோதின. எண்ணெய் கொட்டிக் கரை எல்லாம் தார் ஆயிற்று. பக்கெட்டு பக்கெட்டாக ஆட்கள் கையால் அள்ளிய கொடுமையை ஊரே பார்த்தது.

அதை மறப்பதற்குள் 2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி பக்கத்தில் இருந்து எண்ணெய் ஆற்றுக்கு வந்து சேர்ந்தது. "படகு, வலை, கை, கால் எல்லாம் கறுப்பு. வலையைத் துவைச்சும் போகல. தூக்கித்தான் போட்டோம். எண்ணூர் மீனுன்னு சொன்னாலே வாங்க ஆள் இல்ல" என்றார். குடும்பத்துக்கு 12 ஆயிரத்து 500 ரூபாயும், படகைச் சரி செய்ய 10 ஆயிரம் ரூபாயும் அரசு அறிவித்தது. "காசு செலவாயிடுச்சு. எண்ணெய் மண்ணுக்குள்ள போயிடுச்சு" என்றார் அவர்.

காக்கா ஆழி

இப்போது புதிதாக ஒரு தலைவலி. ஆற்றின் அடியில் கறுப்பாக ஒரு சிப்பி கம்பளம் விரித்த மாதிரி படர்ந்திருக்கிறது. எண்ணூர் ஆட்கள் அதற்கு வைத்த பெயர் காக்கா ஆழி. நம் ஊர்ச் சிப்பி இல்லை. தென் அமெரிக்கா பக்கத்தைச் சேர்ந்தது. சரக்கு இல்லாத கப்பல் ஆடாமல் இருக்க வயிற்றில் கடல் தண்ணீரை நிரப்பிக்கொண்டு வரும். வந்த ஊரில் அதைக் கொட்டும். அந்தத் தண்ணீரோடு வந்திருக்கும் என்கிறார்கள் விஞ்ஞானிகள்.

"அது மூடின இடத்துல எறா பொதைய முடியாது. மஞ்சள் மட்டி இருந்த இடமே தெரியல. கால் வெச்சா கிழிக்குது. அவ்வளவு பெரிய கப்பல் வந்து என் ஆத்துல இந்த ஊண்டு சிப்பியை விட்டுட்டுப் போயிடுச்சு. கப்பல்காரனுக்கு இது தெரியுமா?" என்று கேட்டார்.

யாரிடம் பதில் இருக்கிறது?

கணக்கு

டீக்கடைக்காரர் விளக்கைப் போட்டார். பைபர்காரர் மெதுவாக, "அப்ப படகு வேணாமா?" என்று பையனைக் கேட்டார்.

பையன் சட்டைப் பையில் இருந்து ஒரு காகிதத்தை எடுத்தான். பிளஸ்-2 படித்தவன். கணக்குப் போட்டு வைத்திருந்தான்! அரசாங்கம் வரியில்லாமல் கொடுக்கும் டீசல் ஒரு லாஞ்சுக்கு வருஷத்துக்கு 19 ஆயிரம் லிட்டர். என்ஜின் வைத்த நாட்டுப்படகுக்கு 4 ஆயிரத்து 400 லிட்டர். இது 2023-ல் உயர்த்தி அறிவித்த அளவு. லாஞ்சுக்கு அது போதவில்லை என்று மாமா புலம்புவதை அவன் தினமும் கேட்கிறான். கட்டுமரத்துக்கு எவ்வளவு? பூஜ்யம்!

"தாத்தா பூஜ்யம் லிட்டர்ல புடிச்ச மீனைப் புடிக்க மாமா இருபதாயிரம் லிட்டர் எரிக்கிறாரு. நான் லாஞ்சுல கூலிக்குப் போனா பங்கு வரும், ஆனா கடல் தெரியாது. பைபர் வாங்கினா கடன் வரும். கம்பெனி வேலைக்குப் போனா மாசம் பொறந்தா சம்பளம். அம்மா கம்பெனிக்குப் போன்னு சொல்லுது" என்றான்.

"நீ இன்னா சொல்றே?" என்றார் பெரியவர்.

"எனக்குக் கடல்தான் தாத்தா. ஆனா அம்மா நகை."

டிரைவர் வலையைக் கீழே வைத்தார். "வேணாம்டா. என்னைப் பாரு. படகு பெருசாக ஆக கடன் பெருசாச்சு. கம்பெனிக்குப் போ" என்றார். எண்ணூர்க்காரர் தலையை ஆட்டினார். பைபர்காரர் வாயே திறக்கவில்லை. விற்கிறவர் அவர். ஆனால் பையனை நகை வைத்து வாங்கு என்று சொல்லவும் அவருக்கு மனம் வரவில்லை போலும்.

பெரியவர் மட்டும், "வாங்கறதுக்கு முன்னால நாளைக்கு ஒரு தடவை வா. நானும் வர்றேன். போய்ப் பார்த்துட்டு முடிவு பண்ணு" என்றார். சின்னப் படகுகளுக்குத் தடைக்காலம் இல்லை.

காலை 4 மணி

மறுநாள் காலை 4 மணிக்கு நானும் போய் நின்றேன். என்ஜின் வந்திருந்தது. மைத்துனரும் வந்திருந்தார். படகைத் தள்ளினோம். நானும் ஒரு கை கொடுத்தேன். பாண்ட் நனைந்ததுதான் மிச்சம்.

கிளம்பும் முன்பு பெரியவர் பையனைக் கேட்டார். "இப்ப தண்ணி எந்தப் பக்கம் ஓடுது?"

பையன் முழித்தான்.

"அதோ அந்தப் படகோட நங்கூரக் கயித்தைப் பாரு. படகு எந்தப் பக்கம் இழுத்துக்கினு நிக்குது?"

"வடக்கே."

"அப்ப இன்னா?"

"தெண்டி" என்றான் பையன்.

காலை 9 மணிக்குத் திரும்பி வந்தார்கள். கூடையில் கொஞ்சம் சங்கரா, கொஞ்சம் காரப்பொடி, நாலு நண்டு. ஏலத்தில் 1,900 ரூபாய் போயிற்று. எண்ணெய்ச் செலவு 700 ரூபாய். மிச்சம் 1,200 ரூபாய். அதில் படகுப் பங்கு, ஆள் பங்கு. பெரியவர் தன் பங்கை வாங்கவில்லை. இரண்டு நண்டை மட்டும் எடுத்துக்கொண்டார்.

பையன் பைபர்காரரிடம் போனான். "அண்ணே, நகை வேணாம். மாசா மாசம் கொடுத்துக் கழிக்கிறேன். ஒரு வருஷம் தாத்தா என் கூட வரணும். அப்படின்னா வாங்கிக்கிறேன்" என்றான். பைபர்காரர் யோசித்தார். சரி என்றார்.

"ஒரு வருஷமா?" என்று பெரியவர் இழுத்தார். பிறகு, "ஆமா. வாடையும் பார்க்கணும், கச்சானும் பார்க்கணும், தெண்டியும் பார்க்கணும், வண்ணியும் பார்க்கணும்னா ஒரு வருஷம் வேணும்தான். எனக்கு உடம்பு ஒத்துழைக்கணும்" என்றார்.

டிரைவருக்கு இது பிடிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு லாஞ்சுக்குப் பெயிண்ட் அடிக்கப் போய்விட்டார். அவர் கவலை அவருக்கு. அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கரையில் கல், ஆற்றில் எண்ணெய், அடியில் காக்கா ஆழி. இத்தனைக்கும் நடுவில் ஒரு பையன் கடலை நம்பி இறங்குகிறான். அவனுக்குக் கற்றுக் கொடுக்க ஊரில் மிச்சம் இருப்பவர்கள் நாலைந்து பெரியவர்கள். அவர்களுக்கும் வயது 75.

நான் கிளம்பும்போது மைத்துனர் ஓடி வந்தார். "சார், என்ஜின் நல்லா ஓடிச்சு, பார்த்தீங்க இல்ல? என்னைத் திருடன்னு போட்டுறாதீங்க" என்றார்.

போடவில்லை. ரிப்பேர் கூலி 1,800 ரூபாய் இன்னும் அவருக்கு வரவில்லையாம். அதைப் போடச் சொன்னார். போட்டுவிட்டேன்.